மடிக்கணினியும் எழுத்தறிவும்: கேரள வகுப்பறைகளில் எழுத்து வரிசைச் சிக்கல்

கேரளப் பள்ளிகளில் கணினிவழிக் கல்வியைப் பரவலாக்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கப்பெற்றது. திருவனந்தபுரம் பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட இத்திட்டம் 2017இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக மாற்றியமைக்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் படவீழ்த்தியும் வழங்கும் பணி தொடங்கியது. தொடக்க வகுப்புகளுக்கெனக் 'களிப்பெட்டி' என்னும் பாடநூலும் உண்டு. இம்முயற்சியின் அளவு வியக்கத்தக்கதே. எனினும் எழுதக் கற்கும் குழந்தைக்கு மடிக்கணினி எவ்வாறு துணைசெய்கிறது என்பதை வகுப்பறைகளின் எண்ணிக்கை காட்டாது.

மலையாளத்திலும் தமிழிலும் எகரக் குறி மெய்யெழுத்தின் இடப்புறம் நிற்கிறது. 'கெ' என எழுதும் குழந்தையின் கை முதலில் கொம்பை இடுகிறது. பின்னரே ககரத்தை வரைகிறது. கேரளப் பள்ளிகளில் மலையாளத்திற்குப் பயிற்றப்படும் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையிலோ ககரத்தை முதலில் தட்டவேண்டும். கொம்பு பின்னர் வரும். கைப்பழக்கத்தின்படி கொம்பை முதலில் தட்டும் குழந்தைக்குத் திரையில் கிடைப்பது கொம்பை ஒட்டிய புள்ளிவட்டம். இதனைப் பிழையென ஆசிரியர் திருத்துவாராயின், தாள் கற்பித்ததைத் திரை மறுப்பதாகவே குழந்தை கொள்ளும். பிழை குழந்தையுடையது அன்று.

உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. அவ்வகையில் பொறி தொல்காப்பியரைப் பின்பற்றுகிறது, கைதான் மாறுபடுகிறது! இவ்வேறுபாட்டைப் பாடமாக்கினால் அசையின் ஒலியமைப்பைக் குழந்தை தன் விரலாலேயே உணரும். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இதற்கு மேலும் இசைவானது. அதில் ககரத்தை அடுத்து ஒகரத்தைத் தட்டினால் 'கொ' தோன்றும். உயிருக்கும் உயிர்க்குறிக்கும் விசை ஒன்றே. இன்ஸ்கிரிப்டில் இவ்விரண்டும் வேறுபடுத்தப்பட்டுள்ளன. உயிரெழுத்தைப் பெற மாற்றுவிசையையும் அழுத்தவேண்டும். தொடக்கநிலைக் குழந்தைக்கு இது வேண்டாத சுமை.

மலையாளத்திற்கு மற்றொரு சிக்கலும் உண்டு. 1971ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் உகரக் குறியை மெய்யினின்று பிரித்தது. 1999இல் தோன்றிய ரசனா இயக்கம் பழைய கூட்டுவடிவைக் கணினியில் மீட்டது. இரு வடிவுக்கும் குறியீடு ஒன்றே. எவ்வடிவு தோன்றும் என்பதை எழுத்துருவே முடிவு செய்கிறது. பாடநூலில் ஒரு வடிவும் திரையில் மற்றொரு வடிவும் காணும் குழந்தை அவற்றை இருவேறு எழுத்துகளாகக் கருத இடமுண்டு. பாடநூலுக்கும் வகுப்பறைக் கணினிக்கும் ஒரே எழுத்து வடிவைத் தெரிந்துகொள்வது செலவற்ற செயல்.

கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளமையால் மொழிபெயர்ப்பாளருக்கும் இதில் பொறுப்புண்டு. மலையாளத்தில் அமைந்த பயிற்சியின் விளக்கவுரையைத் தமிழாக்கலாம். சில்லெழுத்துப் பயிற்சியைத் தமிழாக்க இயலாது. தமிழில் அவ்விடத்தில் நிற்பது புள்ளியே. கூட்டெழுத்துப் பயிற்சிக்கும் தமிழில் நேர் இணை இல்லை. எழுத்துப் பயிற்சிகள் அவ்வம்மொழியின் எழுத்தமைப்பிலிருந்தே புதிதாக இயற்றப்படவேண்டியவை. மொழிபெயர்ப்புப் பட்டியலில் சேர்க்கத்தக்கவை அல்ல.