பெர்லியோஸின் டிராய்: பார்க்கும் முன் படிக்கவும் கேட்கவும்

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஹெக்டர் பெர்லியோஸின் ‘லே த்ருவாயேன்’ ஓபராவில் இசை மட்டுமே ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஐந்து அங்கங்களில் முதல் இரண்டும் டிராய் நகரில் நடக்கின்றன, மற்ற மூன்றும் கார்த்தேஜில். இதைப் பார்க்கப் போகிறவர்களுக்கென்று நூல்கள், ஒலிப்பதிவுகள், காணொளிகள் நிறையவே உள்ளன. அவற்றில் பல, கதைச்சுருக்கத்தை முதலில் கையில் கொடுக்கின்றன. கர்ணமோட்சம் கூத்துப் பார்க்கப் போகிறவர் கர்ணன் சாவான் என்று தெரிந்துகொண்டுதான் திடலில் உட்காருகிறார். பெர்லியோஸும் அப்படிப்பட்ட பார்வையாளரை நினைத்தே எழுதினார். எனவே தொடங்க வேண்டிய இடம், கதைக்கு மூலமான ஈனியட் காவியத்தை எழுதிய ரோமானியக் கவிஞர் வெர்ஜில்.

சிறுவயதில் தந்தைக்கு முன் ஈனியட் காவியத்தைப் படிக்கையில், கார்த்தேஜ் அரசி டைடோவின் சாவு வந்ததும் குரல் உடைந்து மேலே தொடர முடியாமல் போனதைப் பெர்லியோஸ் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஐம்பதைக் கடந்த பிறகு, 1856இல் அந்தக் காவியத்துக்கே திரும்பினார். பாடல் வரிகளையும் தாமே எழுதி 1858இல் முடித்தார். பன்னிரண்டு காண்டங்களில் அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டவை 1, 2, 4. இவற்றில் இரண்டையும் நான்கையும் நல்ல மொழிபெயர்ப்பில் படித்தால் போதும், ஒரே இரவில் முடிந்துவிடும்.

படித்துவிட்டுப் போனால், அவர் மூலத்திலிருந்து எங்கே விலகினார் என்பது புலப்படும். டிராயின் அழிவை முன்னறிந்து சொல்லும் இளவரசி கசாண்ட்ரா, வெர்ஜிலில் சில வரிகளில் வந்து மறைகிறவள். பெர்லியோஸ் அவளை முதல் இரண்டு அங்கங்களுக்கும் தலைவியாக்கிவிட்டார். இந்த ஓபராவுக்கு முன்னிசை கிடையாது. கிரேக்கர்கள் போய்விட்டார்கள் என்று டிராய் மக்கள் கூத்தாடும்போது காற்று வாத்தியங்களே ஒலிக்கின்றன. கசாண்ட்ரா மேடைக்கு வரும்போதுதான் தந்தி வாத்தியங்கள் எழுகின்றன. ஊரே நம்பாத ஒருத்தியின் துயரத்துக்கு இசையில் தனி நிறமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதே அங்கத்தில், போரில் இறந்த டிராய் வீரன் ஹெக்டரின் விதவை ஆன்ட்ரொமாக்கி மகனோடு வருகிறாள்; பேச்சில்லை, பாட்டில்லை, ஒரு கிளாரினெட் மட்டும். அவள் யாரை இழந்தாள் என்று தெரியாதவருக்கு அது வெறும் இடைவெளியாகத் தோன்றும். நான்காம் அங்கத்தின் காதல் பாட்டுக்கு மூலம் வெர்ஜில் அல்ல, ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’. அதற்கு முன் வரும் நடனங்களின்போது கவனம் சிதறினால் குற்றமில்லை. ஐந்தாம் அங்கத் தொடக்கத்தில் இளம் மாலுமி ஹைலஸ் ஊர் நினைவில் பாடும் பாட்டைத் தவறவிட்டால்தான் குற்றம். பெர்லியோஸின் ஒரே மகன் லூயியும் கப்பலில் வேலை செய்தவர்.

அரங்கேற்ற வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பாரிஸ் ஓபரா இதை ஏற்கவில்லை. 1863இல் தியேத்தர் லிரிக் அரங்கம் கடைசி மூன்று அங்கங்களை மட்டும், அவற்றையும் வெட்டி, மேடையேற்றியது. காட்சி மாற்ற நேரம் பிடித்ததால் ‘அரச வேட்டையும் புயலும்’ என்ற அற்புதமான பகுதி முதல் இரவோடு நீக்கப்பட்டது. டிராய் பகுதியை மேடையில் காணாமலே 1869இல் பெர்லியோஸ் இறந்தார். 1890இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஃபெலிக்ஸ் மாட்டல் இரண்டு மாலைகளில் முழுக்கதையையும் நடத்தினார், அதுவும் ஜெர்மன் மொழியில். முழு இசைப்பிரதி ஒழுங்காக அச்சானது 1969இல்தான். ஆகவே இந்த ஓபரா சிதறலானது, சீரற்றது என்று அதற்கு முன் எழுதியவர்களை அப்படியே நம்ப வேண்டாம். பலரும் கேட்டது வெட்டுப்பட்ட வடிவத்தை.

நூல்களில் டேவிட் கெய்ர்ன்ஸின் வாழ்க்கை வரலாறு சிறந்தது. அதன் இரண்டாம் தொகுதியில் (1999) இந்த ஓபரா பற்றிய பகுதி மட்டும் இப்போதைக்குப் போதும். இயன் கெம்ப் தொகுத்த கேம்பிரிட்ஜ் கையேடு (1988) இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிந்தவர்களுக்கே முழுப் பயன் தரும்.

ஒலிப்பதிவுகளில், 1969இல் கொலின் டேவிஸ் நடத்தியதில் டைடோவின் காதலனான டிராய் வீரன் ஈனியஸாக ஜான் விக்கர்ஸ் பாடுவதற்கு இன்றும் நிகர் குறைவு. குழுவாக எடுத்துக்கொண்டால் ஜான் நெல்சன் ஸ்ட்ராஸ்பூர்கில் பதிவுசெய்த 2017 வடிவம் சமச்சீரானது. ஜாய்ஸ் டிடொனாட்டோவின் டைடோ அதன் உயிர். காணொளிகளில் 1983இன் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் வடிவத்தில் ஜெஸ்ஸி நார்மனின் கசாண்ட்ரா பிரமிக்க வைக்கிறார், மேடை அமைப்போ பழையது. பாரிஸ் பாஸ்டீயில் டிமித்ரி செர்னியகோவ் 2019இல் கார்த்தேஜைப் போரில் காயம்பட்டவர்களுக்கான மறுவாழ்வு மையமாக மாற்றினார். சுவையான வாதம்தான், ஆனால் முதல்முறை பார்ப்பவருக்கு உகந்ததல்ல.

ஒன்றே ஒன்று என்றால் ஜான் எலியட் கார்டினர் பாரிஸ் ஷாத்லே அரங்கில் நடத்திய 2003 வடிவம். அக்கால வாத்தியங்கள் ஒலிக்கின்றன; கசாண்ட்ராவாக அன்னா கத்தரினா அன்டொனாச்சி, டைடோவாக சூசன் கிரகாம். வீட்டில் பார்ப்பவர்கள் இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் நான்காம் அங்கம் முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். காதலர்கள் போன பின் தேவதூதன் மெர்க்குரி தோன்றி, ஈனியஸின் கேடயத்தைத் தட்டி இத்தாலியின் பெயரை மூன்று முறை சொல்கிறான். டைடோவை விட்டு இத்தாலிக்குப் போ என்பதே அதன் பொருள்; ஐந்தாம் அங்கம் முழுவதும் அந்தக் கட்டளைக்கான பதில்.