சித்திரகவியும் சீட்டுக்கவியும்: தொகுப்பு முறை பற்றி ஓர் ஆய்வு

நால்வகைக் கவிகளுள் ஒன்றாகிய சித்திரகவியை ‘மிறைக்கவி’ எனக் கூறி ஒதுக்குவாரே இன்று பலர். எழுத்தை வருத்திப் பாடுவதால் பொருள் மெலியும் என்பது அவர் கூற்று. அது முற்றும் பிழையன்று. ஆயினும், அவர் ஆராய்ந்தது பாட்டை மட்டுமே, சித்திரத்தை அன்று. அவ்வாறு நேர்ந்ததற்கு இக்கவிகளைத் தொகுத்த முறையே காரணம் என்பது எம் கருத்து.

தண்டியலங்காரம் சொல்லணியியலுள் கோமூத்திரி முதலாக 12 மிறைக்கவிகளைக் கூறும். அவற்றுள் சுழிகுளம், 8 எழுத்துக்கள் கொண்ட 4 அடிகளைக் கட்டமாக அடுக்கிய அளவில் விளங்கிவிடும். அதற்கு ஓவியன் வேண்டா. நாகபந்தமோ அத்தகையதன்று. பின்னிக் கிடக்கும் இரு பாம்புகளின் உடல்வழியே இரண்டு வெண்பாக்கள் செல்லும். உடல்கள் சந்திக்கும் இடத்து நிற்கும் எழுத்து இரு பாட்டிற்கும் பொது. படத்தில் ஒருமுறை எழுதப்படும் அவ்வெழுத்து, வரியாக அச்சிடுங்கால் இருமுறை வரும். அந்நிலையில், புலவன் எங்கே இடர்ப்பட்டான், எங்கே வென்றான் என்பது மறைந்தே போகின்றது.

யானைக்கவுனியை அடுத்த தங்கசாலைத் தெரு, ஆறுமுக நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை இருந்த இடம். 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் சிறப்புற்றது. அக்கால அச்சுமுறையில் எழுத்துக்கள் நேர்வரியிலேயே கோக்கப்பட்டன. வளைந்த உடலில் எழுத்தை நிறுத்தத் தனியே கட்டை செதுக்குதல் வேண்டும். உழைப்பும் பொருளும் மிகும். பாட்டு எளிதில் நூலேறியதும் படம் பின்தங்கியதும் இதனாலேயே என்க. அந்நாளில் அப்பகுதிக்கு அணித்தே இருந்த கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870-1903) ‘சித்திரகவி விளக்கம்’ இயற்றி இத்துறையைப் பேணினார். பாம்பன் சுவாமிகளின் (மறைவு 1929) சஸ்திர பந்தத்தையோ அன்பர்கள் வேலின் படத்தோடே அச்சிட்டு ஓதி வருகின்றனர். புலவர் நெகிழவிட்டதை அடியார் காத்தனர்.

சீட்டுக்கவியின் நிலையும் இதுவே. அது பாட்டாகிய கடிதம். ஒருவர் கைக்குச் சென்று சேர்தற்கென்றே எழுதப்பெறுவது. தனிப்பாடல் திரட்டுகளில் பாட்டு உண்டு, ஓலை இல்லை. பாரதியார் 1919-இல் எட்டயபுரம் மன்னருக்கு விடுத்த சீட்டுக்கவியையும் நாம் பெரும்பாலும் கவிதை நூலில் ஒரு பாட்டாகவே பயில்கின்றோம்; விண்ணப்பமாகக் காண்பதில்லை.

மேனாட்டில் ரே ஜான்சன் (1927-1995) அஞ்சலில் விடுத்த படைப்புக்களில் உறையும் அஞ்சல் முத்திரையும் கலையின் உறுப்புக்களாகவே கொள்ளப்படும். மயாமியில் ரூத், மார்வின் சாக்னர் இணையர் 1979-இல் தொடங்கிய காட்சிக்கவிதைத் தொகுப்பு, 2019-இல் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இவற்றை நம் மரபோடு ஒன்றெனக் கொள்ளல் பொருந்தாது. சீட்டுக்கவி புரவலனை நாடிச் செல்வது. ஜான்சனின் கலையோ நண்பர் கைகளில் சுழன்று திரிவது. எனினும், தாளையும் படைப்பாக மதிக்கும் அவர்தம் தொகுப்பு நெறி நமக்கும் வேண்டுவதாகும்.

எனவே, சுவடி தொகுப்பார் மூன்று செய்தல் வேண்டும்: படத்தை உள்ளவாறே பெயர்த்தல், படிக்கும் வழியை எண்ணிட்டுக் காட்டல், விடுத்தார், பெற்றார், ஏட்டின் புறக்குறிப்பு ஆகியவற்றைப் பாட்டினின்றும் பிரியாது வைத்தல். இவை நிறைவேறிய பின்னரும் சித்திரகவி சிறவாக் கவியே என முடிபு கட்டுவார் கட்டுக. அதுவரை அம்முடிபு பாதி ஏட்டைப் படித்துக் கூறிய தீர்ப்பேயாகும்.