பேஸ் கிட்டார்: பாணிகளும் அளவுகோல்களும்

குழுவில் கிட்டாரும் கீபோர்டும் சி, ஈ, ஜி என்ற மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கின்றன. கீழே பேஸ் கிட்டார் சி வாசித்தால் அந்த ஸ்வரச் சேர்க்கை, அதாவது கார்டு, சி மேஜர். மற்ற எல்லோரும் வைத்த விரலை எடுக்காமலிருக்க, பேஸ் மட்டும் ஏ-க்கு இறங்கட்டும். அதே கார்டு ஏ மைனர் செவன்த் ஆகிவிடும், பாட்டின் முகமே வாடிவிடும். ஸ்வரத்தில் இவ்வளவு அதிகாரம் உள்ள இந்த வாத்தியம், தாளத்தில் டிரம்ஸுக்குக் கட்டுப்பட்டது. காலால் மிதிக்கும் கிக் டிரம்மோடு சேர்ந்து விழுவதா, விலகி நிற்பதா என்று ஒவ்வொரு அடியிலும் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானம் ஊருக்கு ஊர் மாறியதில் பிறந்தவைதான் பேஸ் பாணிகள்.

1951-இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை நடனக் குழுக்களில் ஆள் உயர டபுள் பேஸ்தான். தூக்கிச் செல்வது பெரும்பாடு. மின்கிட்டார்களுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே அதன் ஓசை எடுபடாது. ஃபெண்டரின் வாத்தியத்தில் வீணையைப் போல மெட்டுகள் இருந்ததால் சுருதி பிசகாமல் விரல் வைக்க முடிந்தது. கிட்டாரின் கீழ் நான்கு கம்பிகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே சுருதி. தாழ்ந்த ஈ கம்பியின் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 41.

டெட்ராய்ட் பாணிக்கு ஜேம்ஸ் ஜேமர்சன்தான் எல்லாம். மோட்டவுன் நிறுவனத்தின் ஸ்டுடியோவில் 1960-கள் முழுதும் வாசித்தவர். ஜாஸ் மேடைகளில் டபுள் பேஸ் வாசித்துப் பழகிய கை அது. வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டுவார். தடித்த பழைய கம்பிகளை எளிதில் மாற்றமாட்டார்; அந்தப் பழுத்த, சட்டென்று அடங்கும் நாதத்தில்தான் அவர் குரல் இருந்தது. கார்டின் ஆதார ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு, அரை ஸ்வரங்கள் வழியாக நழுவி, அடிகளுக்கு இடையில் விழுந்து, அடுத்த கார்டு வரும்போது சரியாக அங்கே நிற்பார். இவ்வளவு நடமாட்டத்திலும் பாடகரின் வரியை ஒருமுறைகூட மறிப்பதில்லை. இப்படிப்பட்டவரின் பெயர் அந்த நிறுவனத்தின் ஆல்பம் உறைகளில் பல ஆண்டுகள் அச்சாகவில்லை. 1971-இல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் உரிய மரியாதையோடு இடம்பெற்றது.

மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்கு வாசித்த டொனால்ட் 'டக்' டன் நேர் எதிர். குறைந்த ஸ்வரங்கள், கிக் டிரம்மோடு இணைபிரியாத நடை. ஜேமர்சனைப் பிரதி எடுக்க முயல்பவர்கள் ஏராளம். டன்னைப் போல அடங்கி வாசிப்பது அதைவிடக் கடினம் என்பேன். லாஸ் ஏஞ்சலிஸில் கேரல் கே விரலுக்குப் பதில் பிக் என்னும் மீட்டும் வில்லை கொண்டு வாசித்தார். கம்பிகளின் மேல் ஃபெல்ட் துணியை ஒட்டி, ஸ்வரத்தின் வாலை நறுக்கினார்.

பேஸ் வாசிப்பை எடைபோடும் முதன்மையான அளவுகோலை நான் அந்த நறுக்கலில்தான் காண்கிறேன். ஸ்வரம் எப்போது தொடங்குகிறது என்பதைப் பலரும் கவனிப்பார்கள். எப்போது நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம் விழுவதற்கு முன் பேஸ் நின்றால் பாட்டு துள்ளும், அதைத் தாண்டி நீண்டால் மிதக்கும்.

'ஸ்லாப்' என்னும் கட்டைவிரல் அடி தேவையிலிருந்து வந்தது. பேஸ் கலைஞர் லாரி கிரகாம் தன் தாயாரோடு வாசித்த சிறு குழுவில் டிரம்ஸ் இல்லாமற்போனது. கட்டைவிரலால் கம்பியை அடித்துக் கிக் டிரம்மையும், விரலால் சுண்டி ஸ்னேரையும் ஈடுகட்டினார். இன்று அதை வேகப் போட்டியாக ஆக்கியிருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் 1970-இல் இளைஞராகச் சேர்ந்த பூட்ஸி காலின்ஸ், சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், அழுத்தி விழுவதை அவரிடம்தான் கற்றதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜமைக்காவின் ரெகே அந்தச் சமத்தையே காலியாக விட்டது. 'ஒன் டிராப்' தாளத்தில் கிக் டிரம் மூன்றாம் அடியில் விழும். கிட்டார் அடிகளுக்கு இடையில் வெட்டும். பாட்டின் மெட்டைச் சுமப்பது பேஸ்தான். பாப் மார்லியின் குழுவில் ஆஸ்டன் பாரெட் வாசித்ததைக் கேளுங்கள். இரண்டு வரி வாசித்துவிட்டு இடைவெளி விடுவார். அந்த இடைவெளியிலும் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். நம் கீர்த்தனங்களில் சமத்திலிருந்து தள்ளி எடுப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தச் சுகம் எளிதில் பிடிபடும்.

பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி பேஸைத் தனியொரு மெட்டாகவே அமைத்தார். ஜாக்கோ பாஸ்டோரியஸ் விரல் வைக்கும் மெட்டுகளே இல்லாத பேஸில் கமகம்போல் இழைத்து, 1976-இல் தன் முதல் ஆல்பத்தில் அதை முழுத் தனி வாத்தியமாக்கினார். அவரை வணங்குகிறேன், ஆனால் குழுவுக்குள் வாசிக்க வருபவர் அவரிடமிருந்து தொடங்கக் கூடாது.

தமிழ்த் திரையிசையில் இளையராஜா பேஸுக்கு எழுதிய வரிகள் பாட்டின் மெட்டுக்கு எதிர்மெட்டாகவே நடப்பவை. அவற்றைப் பல ஆண்டுகள் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்தார். ரஹ்மானின் ஆல்பங்களில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் அச்சானதால், பேஸ் வாசித்தவர் யார் என்று இங்கேயும் ரசிகர்கள் தேடிப் படிக்கத் தொடங்கினார்கள்.