‘நான்கு’ என்றால் நான்காம் கட்டமா? – ஓர் அறிக்கைத் தாளின் விமர்சனம்

நூல்களையும் நாடகங்களையும் விமர்சிப்பது வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு தாள். எந்த நூலகத்திலும் அது கிடைக்காது. ஆனால் ஒரு குடும்பத்தின் உறக்கத்தைப் பல இரவுகள் கெடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. மார்பகத்தை மாமோகிராம் என்னும் எக்ஸ்ரே முறையிலோ அல்ட்ரா சவுண்ட் முறையிலோ படம் எடுத்தபின் பரிசோதனைக் கூடத்தில் தரப்படும் அறிக்கையே அது.

வாசகரே, காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாள் இத்தாளைப் பெற்று வீடு திரும்புவதாக வைத்துக்கொள்வோம். தாள் முழுவதும் ஆங்கிலம். தமிழ் வழியில் மேல்நிலை வகுப்பில் படிக்கும் மகனிடம் தாள் போகிறது. அவனுக்குப் புரிவது கடைசி வரியில் உள்ள ‘பைராட்ஸ் 4’ என்பதில் அந்த எண் மட்டுமே. “நாலாம் ஸ்டேஜா?” என்று வீடே கலங்கிப் போகிறது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இத்தகைய தாளைப் படித்துச் சொல்லும் பொறுப்பு உங்களைப் போன்ற மாணவரிடம்தான் வந்து சேரும். அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்தில் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியபோது, பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்தது. இன்று அவ்விடத்தில் இருப்பது மார்பகப் புற்று. ஆகவே இத்தாளைப் படிக்கக் கற்பது அவசியமாகிறது.

எண் சொல்வது என்ன?

முதலில் தாளின் சிறப்பைச் சொல்லிவிடுவோம். முன்பெல்லாம் படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரும் தமக்குத் தோன்றிய சொற்களில் எழுதினார்கள். ஒருவர் ‘ஐயத்துக்குரியது’ என்றால் மற்றவர் ‘கவனிக்கத்தக்கது’ என்பார். இக்குழப்பத்தை நீக்க அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 1993இல் ஒரு பொது அளவுகோலை வெளியிட்டது. பைராட்ஸ் என்பது அதுவே.

நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை இது அளப்பதில்லை. படத்தில் தெரியும் நிழல் புற்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதையே இது கூறுகிறது. நோயின் கட்டம் என்பது புற்று என உறுதியான பிறகே பேசப்படும் வேறொரு கணக்கு. இரண்டுக்கும் ஒரே எண்கள் அமைந்துவிட்டது நமது போதாத காலம்!

1, 2 என்றால் அச்சமில்லை. 3 என்றால் 100 பேரில் புற்று இருப்பவர் 2 பேருக்கு மேல் இரார். 4ஏ என்றால் 2 முதல் 10 பேர். 4பி என்றால் 10 முதல் 50 பேர். 4சி என்றால் 50 முதல் 95 பேர். 5 என்றால் 95க்கும் மேல். பூச்சியம் என்றால் ‘ஒன்றுமில்லை’ என்று பொருளன்று. ‘இன்னும் படம் தேவை’ என்று பொருள்.

தாளின் குறைகள்

இப்போது குறைகளைப் பார்ப்போம். எழுத்துச் சேர்க்காமல் வெறும் 4 என்று மட்டும் எழுதினால், அது 2 முதல் 95 வரை எதையும் குறிக்கும். பத்தில் ஒன்பது பங்கு நல்ல செய்தியைச் சுமக்கும் பெண்ணும், பத்தில் ஒன்பது பங்கு கெட்ட செய்தியைச் சுமக்கும் பெண்ணும் ஒரே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறார்கள். இது முதற்குறை.

இரண்டாவது குறை, கடைசியில் வரும் ‘ஹிஸ்டோபெதாலஜிகல் கோரிலேஷன் சஜஸ்டட்’ என்பது போன்ற வாசகம். ‘சிறிது திசு எடுத்துச் சோதித்துப் பாருங்கள்’ என்பதுதான் இதன் பொருள். மருத்துவருக்கு மருத்துவர் எழுதும் குறிப்பு அப்படித்தான் இருக்கும் எனலாம். ஆனால் தாளைச் சுமந்து செல்பவரும் முடிவெடுக்க வேண்டியவரும் அந்தப் பெண்ணல்லவா? தமிழில் இரண்டு வரி சேர்ப்பதற்கு எத்தனை மை செலவாகும்?

ஏன் திசு வேண்டும்?

காசிமேட்டில் மீன் வாங்குவோர் மேலே தெரியும் பளபளப்பை மட்டும் நம்புவதில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள். படம் என்பது மேலே தெரியும் நிழல், திசுவே செவுள். கட்டி உள்ள இடத்தை மரத்துப்போகச் செய்து, சுமார் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஊசியால் நூலிழை போன்ற சில திசுத் துண்டுகளை எடுக்கிறார்கள். இதுவே பயாப்ஸி. அத்துண்டுகளை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு கனமுள்ள சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். புற்று உண்டா என்பதோடு, உண்டெனில் எந்த மருந்துக்கு அது கட்டுப்படக்கூடும் என்பதையும் இத்திசு காட்டும். படத்தால் இது இயலாது.

ஊசி பட்டால் பரவுமா?

“ஊசி குத்தினா கலைஞ்சு பரவிடும்மா” என்று அக்கம்பக்கத்தார் சொல்வதுண்டு. இதைச் சிரித்து ஒதுக்குவது முறையன்று, ஆராய்வதே முறை. 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஊசிச் சோதனைக்குப் பின் அறுவை செய்துகொண்ட 352 பேரின் திசுக்களைப் பார்த்தனர். 100க்கு 32 பேரிடம் புற்றுச் செல்கள் இடம்பெயர்ந்திருந்தன! ஆனால் அடுத்த கணக்கைக் கவனியுங்கள். 15 நாட்களுக்குள் அறுவை நடந்தவர்களில் இது 42 விழுக்காடு. 28 நாட்களுக்குப் பின் நடந்தவர்களில் 15 விழுக்காடு. நாள் ஆக ஆக எண்ணிக்கை குறைந்தது. இடம்பெயர்ந்த செல்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு. ஊசிச் சோதனையால் ஆயுள் குறைந்ததாகவும் காணப்படவில்லை.

பின் இந்த நம்பிக்கை எப்படி வந்தது? நோய் முற்றிய பின் வந்து சோதனை செய்துகொண்டவர் சில மாதங்களில் இறந்தால், பழி ஊசியின் மேல் விழுகிறது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

முடிவு யாருடையது?

சோதனைக்குச் சம்மதித்தால் மார்பையே எடுத்துவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. மயக்கம் கொடுத்து, திசுவை எடுத்து உடனே சோதித்து, புற்று என்றால் மயக்கம் தெளியுமுன் மார்பை நீக்கிவிடுவார்கள். 1974இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கும் அவ்வாறே நடந்தது. அதே ஆண்டில் தம் மார்பில் கட்டியைக் கண்ட ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர், “முதலில் சோதனை, பிறகு என்னிடம் பேசுங்கள், அதன் பின்பே அறுவை” என்று வாதாடினார். 1979இல் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு அம்முறையையே பரிந்துரைத்தது. ஆகவே இன்று சோதனைக்குச் சம்மதிப்பது அறுவைக்குச் சம்மதிப்பது ஆகாது.

அப்படியானால் எல்லோருக்கும் ஊசி தேவையா? இல்லை. 1991இல் வெளியான ஓர் ஆய்வில், ‘பெரும்பாலும் தீங்கற்றது’ என்று கருதித் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 3,184 நிழல்களில் 17 மட்டுமே புற்றாக இருந்தன. ஆகவே 3 என்றால் பொதுவாக ஆறு மாதம் கழித்து மீண்டும் படம் எடுத்தால் போதும். 4, 5 என்றால் கணக்கு மாறுகிறது. ஒரு பக்கம் சிறிது வலி, சில நாள் கன்றிய தோல். மறு பக்கம் வளர இடம் கொடுத்துவிட்ட நோய். தராசு எப்பக்கம் தாழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஓர் எச்சரிக்கை. படம் பலத்த ஐயத்தைக் காட்ட, திசு ‘ஒன்றுமில்லை’ என்றால் அத்துடன் விட்டுவிடலாகாது. ஊசி இலக்கைத் தவறியிருக்கலாம். கையால் தடவிப் பார்த்தது, படம், திசு ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மீண்டும் சோதிக்க வேண்டும்.

ஆகவே மாணவரே, அப்படியொரு தாள் உங்கள் கைக்கு வந்தால், “இது கட்டம் அல்ல அம்மா, வாய்ப்புக் கணக்கு” என்று முதலில் சொல்லுங்கள். பிறகு அம்மாவுடன் மருத்துவரிடம் சென்று கேளுங்கள்: “நான்கில் எந்த எழுத்து? திசு எடுப்பது எவ்வகை ஊசியால்? முடிவு படத்துடன் ஒத்துப்போகிறதா?” தாள் சொல்லாமல் விட்டவை இம்மூன்றும்தான்.