புல்லியக் கேட்டீங்களா தம்பி?

டைமிங் லைட்டுக்குக் கோயில் கட்டலாம் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி, பேட்டரிக்கு இரண்டு கிளிப், முதல் பிளக் வயரைக் கவ்வ ஒரு கிளாம்ப். ஆள் அவ்வளவுதான். ஆனால் மூன்று வாரமாக லேப்டாப் என்னிடம் அளந்துவிட்ட கதையை மூன்றே நிமிடத்தில் போட்டு உடைத்தது இதுதான்!

என் வண்டி பழைய மாருதி எஸ்டீம். 1298 சிசி. கோயம்புத்தூர்க்காரனுக்குக் கார் கிறுக்கு பிடிப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ரேஸ் கார் கட்டிய ஊர் இது. செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே ரேஸ் டிராக் ஓடுகிறது. நானும் என் பங்குக்கு டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி வைத்துவிட்டு மெகாஸ்குயர்ட் மாட்டினேன். புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய இசியு, அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர். நாமே சாலிடர் வைத்துக் கட்டிக்கொள்ளலாம், பெட்ரோல் மேப்பையும் டைமிங் மேப்பையும் நாமே எழுதலாம். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் 36 பல்லுக்கு இடம் பிரித்து, ஒரு பல்லை மட்டும் விட்டுவிட்டு, ட்ரிகர் வீல் வெட்டி வாங்கினேன். பல்லுக்குப் பல் 10 டிகிரி. அந்தப் பொக்கை வாய்தான் கிராங்க் எங்கே நிற்கிறது என்று இசியுவுக்குச் சொல்லும்.

ஸ்டார்ட் ஆனது. ஐடிலில் பூனை மாதிரி உறுமியது. இனிப்பு வாங்கித் தெருவுக்கே கொடுத்தேன்.

பர்லியார் ஏற்றத்தில் மானம் போனது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் இழுவையே இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பழுத்துச் சிவந்திருக்கிறது. இசியுவோடு இணைத்த லேப்டாப்போ 28 டிகிரி அட்வான்ஸ், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர 28 டிகிரி இருக்கும்போதே ஸ்பார்க், என்று சாதிக்கிறது. பெட்ரோல்தான் குறைகிறது என்று முடிவு கட்டி, மூன்று வாரம் ஃபியூயல் மேப்பைக் குடைந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி, காதால் கேட்டே டைமிங் வைக்கிறவர். லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

"இதுல இருபத்தெட்டுன்னு போட்டிருக்குதுங்க. சரி. புல்லியக் கேட்டீங்களா தம்பி?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கியது. திரையில் இருப்பது இசியுவின் ஆசை. ஸ்பார்க் உண்மையில் எப்போது அடித்தது என்பது கிராங்க் புல்லிக்குத்தான் தெரியும்.

முதலில் புல்லியே உண்மை பேசுகிறதா என்று பார்த்தோம். ரப்பர் வளையம் வைத்த பழைய புல்லியில் வெளி வளையம் நழுவிவிட்டால் அதில் இருக்கும் குறியும் பொய். பிளக் துளையில் ஒரு ஸ்டாப்பரைத் திருகி, கிராங்க்கைக் கையால் மெல்லச் சுற்றினோம். பிஸ்டன் முட்டிய இடத்தில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி முட்டிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவேதான் டிடிசி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். பழைய குறி தப்பவில்லை. அதன்மேல் ஒயிட்னரால் ஒரு பொட்டு வைத்தேன்.

அடுத்து மேப்பை ஒதுக்கிவிட்டு, என்ன ஆனாலும் 10 டிகிரியிலேயே அடி என்று இசியுவைக் கட்டிப்போட்டோம். முதல் பிளக் அடிக்கும்போதெல்லாம் ஒருமுறை மின்னும் லைட்டைப் புல்லிமேல் அடித்தேன். அடடா, அந்தக் காட்சி! நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றுகிற புல்லி அப்படியே உறைந்து, வெள்ளைப் பொட்டு பக்கத்து ஸ்கேலில் 10-க்கு நேராக நிற்கிறது. அண்ணன் மெல்ல ரெய்ஸ் பண்ணினார். 2000-இல் பொட்டு 7-க்கு நழுவியது. 3000-இல் 3. திரையில் மட்டும் அசையாமல் 10!

பிடிபட்டான் திருடன். ஸ்பார்க் தாமதமாகிறது, எரிந்து முடியாத நெருப்பு எக்ஸாஸ்ட் வழியே வெளியேறுகிறது, மேனிஃபோல்டு சிவக்கிறது. ஐடிலில் சரியாக இருந்தது எப்படி? பொக்கைப் பல்லுக்கும் டிடிசிக்கும் உள்ள இடைவெளியை, அதாவது ட்ரிகர் ஆங்கிளை, ஐடிலில் வைத்துத்தானே சரிக்கட்டியிருந்தேன்!

குற்றவாளி, ட்ரிகர் வீலின் பல்லைப் படிக்கும் வி.ஆர். சென்சாரின் இரண்டு வயர். நான் மாற்றிக் கொடுத்திருந்தேன். பல் சென்சாரைக் கடக்கும்போது சிக்னல் செங்குத்தாக விழும். அந்த இடம் எந்த வேகத்திலும் மாறாது. வயர் மாறினால் இசியு, பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் சிக்னல் படுத்துக் கிடக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேகம் கூடக்கூட அந்த இடம் நகரும். இரண்டு வயரையும் மாற்றிப் போட்டோம். இப்போது ஐடிலில் பொட்டு சுமார் 5 டிகிரி தள்ளி நின்றது. அரைப் பல்! கணக்கு கச்சிதம். ட்ரிகர் ஆங்கிளைத் திருத்தி மறுபடி 10-க்குக் கொண்டுவந்தோம்.

4000 வரை ஏற்றினால் இன்னும் ஏறக்குறைய 2 டிகிரி சறுக்கல். அது சர்க்யூட்டின் தாமதம். 4000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லி செகண்டில் 24 டிகிரி சுற்றிவிடும், 1000-இல் 6 டிகிரிதான். இரண்டுக்கும் நடுவே 2 டிகிரி சறுக்கல் வரவேண்டுமானால் தாமதம் சுமார் 0.1 மில்லி செகண்ட். நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒயிட்னர் பொட்டை வைத்து அளந்துவிட்டோம் என்றால் புல்லரிக்காதா? அதை இசியுவில் எழுதியதும் பொட்டு ஆணி அடித்தாற்போல நின்றது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டயல் வைத்த லைட் என்றால் கவனம். டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத வேஸ்டட் ஸ்பார்க் அமைப்பில் பிளக் ஒவ்வொரு சுற்றுக்கும் அடிக்கும். அதற்கான மோட் இல்லாத லைட்டில் 20 டிகிரி 40 ஆகத் தெரியும். டயலைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, புல்லியிலேயே டிகிரி குறித்துப் படியுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மறுபடி பர்லியார் போனேன். மூன்றாவது கியரில் ஏறியது பாருங்கள், பக்கத்து சீட்டில் இருந்த அண்ணன் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "போதுமுங் தம்பி, நம்பிட்டேன்" என்றார்.

இப்போதெல்லாம் நண்பர்கள் காரைக் கேட்டால் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறேன். டைமிங் லைட்டைக் கேட்டால் மட்டும், நானும் கூடவே வருவேன்.