கடுவன் கையில் இருந்த கோல்

ஐங்குறுநூற்றின் குரக்குப் பத்தில் கபிலர் காட்டும் காட்சியொன்று நம்மை வியக்கவைக்கிறது. சிறு கோலொன்றை ஏந்திய கடுவன், அகன்ற பாறைமீது எழும் மழைக்குமிழிகளை அடித்து விளையாடுகிறது. குரங்கு கருவியாளும் என்பதைத் தமிழர் அன்றே கண்டறிந்தனர் என முழங்கத் தோன்றும். அம்முழக்கம் கபிலருக்குப் பெருமை சேர்க்காது.

1960இல், இன்றைய தான்சானியாவின் கோம்பேயில் ஜேன் குடால் கண்டது வேறு. சிம்பன்சி குச்சியின் இலைகளை உருவிக் கரையான் புற்றினுள் நுழைத்தது; பற்றிவந்த கரையான்களை உண்டது. செனகலின் போங்கோலியில் கிளையைக் கூராக்கி, மரப்பொந்தில் உறங்கும் சிற்றுயிரைக் குத்தி வேட்டையாடும் செய்தி 2007இல் வெளியாயிற்று. அங்கே கோலுக்குப் பயன் இரை.

கபிலரின் கடுவனுக்கோ இரையில்லை. குமிழி உடைவதே இன்பம். தலைவனின் நாட்டைச் சிறப்பிக்கவே அக்காட்சி வந்தது. பெரம்பலூர், அரியலூர் மானாவாரி நிலங்களில் புற்றுகளை நாள்தோறும் காணும் நம் இளைஞர்க்கு இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பது எளிது. உயிர்களை உற்றுநோக்கிய கபிலரின் கண்ணே நமக்குச் செல்வம். அதனை அறிவியல் முன்னறிவிப்பாக ஆக்கினால், பாட்டையும் இழப்போம், அறிவியலையும் இழப்போம்.