பூட்டத் தெரிந்த விரல்

கைப்பேசியில் நல்ல காணொளி எடுப்பது, அதன் தன்னிச்சையை அடக்குவதில்தான் தொடங்குகிறது. ஜன்னலருகே நிற்பவர் சற்று நகர்ந்தாலே அது வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும், ஃபோகஸைத் தேடி அலையும்; படம் துடித்துக்கொண்டே இருக்கும். திரையில் தெரியும் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல கைப்பேசிகளில் இரண்டும் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு எளிய, எவ்வளவு அருமையான வசதி! இயக்குநர் சீன் பேக்கர் ‘டாஞ்சரின்’ (2015) படத்தை ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தபோதும், இவ்விரண்டையும் தன் பிடியில் வைக்க உதவும் செயலியையே நாடினார். கூடுதல் லென்ஸ், ஸ்டெடிகேம், தனி ஒலிப்பதிவு எல்லாம் அவரிடம் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன. லென்ஸ் அகலத் திரையைத் தந்தது, ஸ்டெடிகேம் நடுக்கத்தைக் குறைத்தது. ஆனால் துடிக்கும் வெளிச்சத்தை இவற்றில் எதுவும் நிறுத்தாது. புதிய கைப்பேசி வாங்குமுன், கையிலிருப்பதைப் பூட்டிப் பாருங்கள்.